மாறும் சட்டங்களும் மாறா விசுவாசமும்



சமயம் இரண்டு இடங்களில் வாழ்கின்றது. ஒன்று மனிதனுடைய உள்ளம்; மற்றொன்று அவன் நடமாடும் வீதி. உள்ளத்தில் வாழ்வதைக் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்பர். முஸ்லிம்கள் ஈமான் என்பர். சைவர்கள் பக்தி என்பர். அதுவே தொழுகையாகவும், ஆராதனையாகவும், போதனையாகவும், விழாவாகவும், உடையாகவும், இறந்தோர்க்குச் செய்யும் இறுதிக் கடனாகவும் வெளியே வரும்போது அதனைச் சமய வெளிப்பாடு என்கின்றோம். உள்ளத்தினுள்ளே எந்த அரசனுடைய ஆணையும் புக இயலாது. வீதிக்கு வந்தவுடனே சட்டம் எதிர்ப்படுகின்றது. இன்ன இடத்தில் கூடலாம், இன்ன சொல்லைப் பேசலாம், இன்ன கட்டடத்தை எழுப்பலாம் என்று அது வரையறை செய்கின்றது. அவ்வரையறை காலத்துக்குக் காலம் மாறியும் வருகின்றது.

இவ்வாறு சட்டம் மாறும்போது ஒரு சிறுபான்மைச் சமயத்தார் எவ்வாறு தம் விசுவாசத்தைக் காத்துக்கொண்டனர் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு உதாரணமாக நம் நாட்டுக் கிறிஸ்தவ மக்களை எடுத்துக்கொள்கின்றேன். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அவர்கள் இத்தீவின் மக்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவானவர்கள். எனினும், சட்டத்தின் ஆதரவு, சட்டத்தின் பகை, சட்டத்தின் பாராமுகம் ஆகிய மூன்றையும் கண்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு.

பாலமுனையிலிருந்து வடக்கே ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனைக்குச் செல்லும் பெருவீதியை நேயர்களிற் பலர் அறிவர். பள்ளிவாசல்களின் மினாராக்களைக் கடந்து செல்பவன் காரைதீவில் கண்ணகை அம்மனின் கோயிலைக் காண்கின்றான். கல்முனையிலே தேவாலய மணியோசையைக் கேட்கின்றான். இவ்வீதியில் வாழும் முஸ்லிம் ஒருவருக்குக் கிறிஸ்தவர்களின் வரலாறு எதற்காக என்று யாரேனும் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை இப்பேச்சு முடிவதற்குள் தானே புலப்படும் என எண்ணுகின்றேன்.

முதலில் பழைய வரலாற்றை நோக்குவோம். 1544ஆம் ஆண்டில் மன்னாரிலே புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய மக்கள் அறுநூறு பேர் வரையில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்று மரபு கூறுகின்றது. விசுவாசத்தை விட்டுவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றிருந்தும் அவர்கள் அதனை விடவில்லை. மன்னனோ, சமயம் மாறியோர் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவர் என்று அஞ்சினான். ஒருவனுடைய வழிபாட்டை அவனுடைய அரசியல் விசுவாசத்தோடு ஒன்றாக எண்ணிக் குழப்பும் அச்சம் அன்று தொடங்கியது. இன்றுவரை முற்றாக நீங்கவில்லை.

அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் கூற முடியாது. போர்த்துக்கேயர் கரையோரத்தை ஆண்டபோது கிறிஸ்தவ சமயம் ஆட்சியின் வாளோடு சேர்ந்து நின்றது. 1620களில் திருக்கோணேசுவரத்தின் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. 1626ஆம் ஆண்டில் முஸ்லிம்களைத் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து வெளியேற்றும் கட்டளை பிறந்தது. அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியாரான குவைறோஸ் தமது வரலாற்று நூலிற் குறிப்பிட்டுள்ளார். நம் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாற்றில் இது மறக்கவொண்ணாத நிகழ்ச்சியாகும். ஆட்சியாளரின் சமயமாக இருந்தபோது கிறிஸ்தவம் பிறருக்கு இடுக்கண் செய்த காலமும் உண்டு என்பதை மறைத்துவிட்டு அதன் தைரியத்தைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

சட்டத்தின் சக்கரம் விரைவிலே சுழன்றது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றினர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே, ஆயினும் அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். கத்தோலிக்கரின் கோயில்கள் பறிக்கப்பட்டன. பூசை ஒப்புக்கொடுக்கக் குருவானவர் இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் படித்த மேதைகள் அல்லர். மீனவரும் உழவரும், அவர்தம் வீட்டுப் பெண்களும், தாமறிந்த செபங்களைப் பிள்ளைகளுக்கு இரவில் மெல்லச் சொல்லிக்கொடுத்தனர். சட்டம் வீதியை மூடியது. அவர்கள் வீட்டைத் திறந்து வைத்தனர்.

இந்நிலையிலேதான் 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் குருவானவர் யாழ்ப்பாணத்திலே கரையேறினார். குருவின் உடையிலே வந்திருந்தால் அன்றே பிடிபட்டிருப்பார். அவர் ஏழைக் கூலியாள் போன்ற கோலத்தில் வந்தார். யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்பதை அறியும் வழியின்றி, செபமாலையொன்றைக் கழுத்திலணிந்து வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்றார் என்றும், அதனை நோக்கிய கண்களின் மொழியைக் கொண்டே தம்மவரை இனங்கண்டார் என்றும் அவருடைய சரித்திரம் கூறுகின்றது. சில்லாலையிலும் பின்னர் புத்தளத்திலும் அவர் மறைந்திருந்து பணியாற்றினார். 1692ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்துள் நுழைந்தபோது ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். எனினும் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைப் படிப்படியாக அறிந்து விடுவித்து, தன் இராச்சியத்திலே சமயப்பணி செய்யவும் அனுமதித்தான்.

இங்கே ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. இதே மன்னன்தான் 1697ஆம் ஆண்டளவில் அரக்கன் நாட்டிலிருந்து பௌத்த பிக்குகளை அழைப்பித்து, இத்தீவில் நலிந்திருந்த உபசம்பதா மரபைப் புதுப்பித்தவன். தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய மன்னன் ஒருவன் அயற் சமயத்துக் குருவுக்கு நிழல் கொடுத்தான். தன் சமயத்தைப் பேணுவதற்காகப் பிற சமயத்தின் வாயை அடைக்க வேண்டும் என்று அவன் கருதவில்லை. அதே ஆண்டில் கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரை யோசேப் வாஸ் அடிகள் சமயம் பாராது பேணினார். அவர் 1711ஆம் ஆண்டு கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

மன்னனின் கருணை மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்கும் அதே கண்டியிற் சான்று கிடைக்கின்றது. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் கண்டி இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆள் மாறினால் அருளும் மாறும். ஆகையால்தான் பிற்காலத்து அறிஞர், சமய உரிமையை அரசனின் மனநிலையில் விடாது, எழுதப்பட்ட சட்டத்தில் பொறிக்க வேண்டும் என்று வற்புறுத்தினர்.

ஒல்லாந்தரின் சட்டம் தண்டித்ததோடு நில்லாது ஆசையும் காட்டியது. சபையிலே ஞானஸ்நானம் பெற்றோரின் பெயர்கள் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. திருமணப் பதிவுக்கும், சொத்துரிமைக்கும், அரசாங்க உத்தியோகத்துக்கும் அப்பதிவு வேண்டியதாயிற்று. ஆகவே பல்லாயிரவர் ஏட்டிலே கிறிஸ்தவராயினர்; வீட்டிலே முன்னோரின் சமயத்தையே தொடர்ந்தனர். பிரித்தானியர் வந்து இக்கட்டாயம் நீங்கியபோது அப்பெயர்ப் பட்டியல் வெயிலிற் பனிபோலக் கரைந்தது. அதே வேளையில், தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கரோ எண்ணிக்கையில் வளர்ந்தே வெளிவந்தனர். 1806ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளைச் சட்டத்தால் நீக்கினார்.

நேயர்களே, ஒல்லாந்தர் காலத்தின் இப்பாடத்தை நாம் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். சட்டத்தின் ஆசைகாட்டலால் வந்த விசுவாசம் சட்டத்தோடு போயிற்று. சட்டத்தின் தண்டனைக்கு முன்னே நின்ற விசுவாசம் தண்டித்த ஆட்சியைக் காட்டிலும் நீண்ட காலம் வாழ்ந்தது.

பிரித்தானியர் காலத்தில் கிறிஸ்தவ மிஷனரிமார் பாடசாலைகளின் வழியே வந்தனர். 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்பிலே பாடசாலை தொடங்கினார். மறு ஆண்டிலேயே நோயுற்று மறைந்தார். அவர் வழிவந்த கல்விப் பணி கல்முனை வரை பரவியது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர் என்பதை நாம் அறிவோம். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, பின்னர் 'யாழ் நூல்' என்னும் அரிய ஆராய்ச்சியைத் தமிழுக்கு அளித்தார். அவருடைய ஆசிரியர்கள் தம் சமயத்தை மறைத்தவர்களும் அல்லர். மாணவர் தம் சமயத்தை விட்டவரும் அல்லர். ஒருவர் தம் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்வது வேறு. மற்றொருவர்மீது அதனைத் திணிப்பது வேறு. இவ்வேறுபாடே இன்றைய சட்ட விவாதங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாகும்.

இனிச் சுதந்திர இலங்கையின் சட்டங்களைக் காண்போம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, எந்தச் சமயத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் பாராளுமன்றம் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும், ஒரு சமயத்தாருக்கு இல்லாத இடையூற்றை மற்றொரு சமயத்தாருக்கு விதிக்கக் கூடாது என்றும் கூறியது. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை. பௌத்த சமயத்துக்கு முதன்மை இடம் வழங்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதாவது இப்போது நடைமுறையிலுள்ள அரசியலமைப்பு, தன் 9ஆம் உறுப்புரையில் அந்த முதன்மை இடத்தை நிலைநிறுத்தியதுடன், 10ஆம் உறுப்புரையும் 14ஆம் உறுப்புரையும் வழங்கும் உரிமைகளை எல்லாச் சமயங்களுக்கும் உறுதிசெய்தது.

இவ்விரு உறுப்புரைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விளக்குவேன். 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் உரிய சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றது. தான் விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் உள்ள உரிமை இதில் அடங்கும். இதன்மீது அரசு எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. 14ஆம் உறுப்புரையின் முதலாம் பந்தியோ, ஒருவர் தனித்தோ பிறரோடு சேர்ந்தோ, மறைவிலோ பகிரங்கத்திலோ, வழிபாடு, அனுசரிப்பு, நடைமுறை, போதனை ஆகியவற்றால் தம் சமயத்தை வெளிக்காட்டும் உரிமையைப் பிரசைகளுக்கு அளிக்கின்றது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறருடைய உரிமை என்னும் காரணங்களுக்காக இதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். முன்பு கூறிய உள்ளமும் வீதியும் என்ற பிரிவே இங்கு சட்டமொழியில் எழுதப்பட்டிருக்கின்றது.

அயல்நாடாகிய இந்தியாவின் அரசியலமைப்பிலே, 25ஆம் உறுப்புரையில், சமயத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல்லும் உண்டு. நம் அரசியலமைப்பில் 'போதனை' உண்டு. 'பரப்புதல்' என்ற சொல் இல்லை. இந்த ஒரு சொல்லின் இன்மை பெரிய வழக்குகளுக்குக் காரணமாயிற்று. இந்தியாவிலும் அச்சொல் ஐயத்தை முற்றாக நீக்கிவிடவில்லை. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

2003ஆம் ஆண்டில், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் ஒன்று நம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அக்கன்னியர் ஆசிரியப் பணியும் சமூகப் பணியும் புரிபவர்கள். தம் சபையின் நோக்கங்களுள் கத்தோலிக்க சமயத்தைப் பற்றிய அறிவைப் பரப்புதலையும் அவர்கள் குறித்திருந்தனர். சமயப் போதனையையும் ஏழைகளுக்கான உதவியையும் ஒன்றாகச் சேர்த்தால், உதவி வேண்டி நிற்பவரின் மனச்சாட்சிச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்றும், சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு வழங்கவில்லை என்றும் நீதிமன்றம் கருதியது. கன்னியர் பின்வாங்கவில்லை, சத்தமிடவும் இல்லை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். 2005ஆம் ஆண்டில் அக்குழு, அவர்களுடைய சமயச் சுதந்திரமும் சட்டத்தின்முன் சமத்துவமும் மீறப்பட்டன எனக் கண்டது. உள்நாட்டுத் தீர்ப்பை மாற்றும் வலிமை அக்குழுவுக்கு இல்லை. ஆயினும் தம் கருத்தை எழுத்தில் வைத்துவிட்டு, அவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிச் சென்று தம் பணியைத் தொடர்ந்தனர்.

அதற்கடுத்த 2004ஆம் ஆண்டில், பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று ஜாதிக ஹெல உறுமயவினால் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வன்மையாலோ, ஆசைகாட்டியோ, வஞ்சனையாலோ பிறரை மதம் மாற்றுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது அது. சமயம் மாறியதைப் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற நியதியும் அதில் இருந்தது. அதன் சில வாசகங்கள் 10ஆம் உறுப்புரைக்கு முரணானவை என்றும், பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் இன்றி நிறைவேற்ற முடியாதவை என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டமூலம் பின்னரும் எழுப்பப்பட்டது, ஆனால் சட்டமாகவில்லை. மனச்சாட்சிக்கு அரசாங்கப் பதிவேடு வைக்கும் எண்ணம், ஒல்லாந்தரின் தோம்பை நமக்கு நினைவூட்டுவதாயிருந்தது.

2008ஆம் ஆண்டில் சமய அலுவல்கள் அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. புதிய வழிபாட்டுத் தலங்களை எழுப்புவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் சாரம். கட்டடத்தைப் பற்றிய அவ்வறிக்கை, சில இடங்களில் வீட்டிலே கூடிச் செபிக்கும் சிறு குழுக்களுக்கும் பிரயோகிக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். சுற்றறிக்கையோ ஊர் அலுவலகத்தின் மேசையில் இருந்துகொண்டு சட்டத்தின் வேலையைச் செய்துவிடும். இதனைப் பள்ளிவாசல் கட்ட முனைந்தோரும் நன்கறிவர்.

ஒருசாராருக்கு மட்டும் நியாயம் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. பெரும்பான்மைச் சமயத்தாரின் ஐயங்களையும் நாம் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தின் பலத்தால் வறியவர்களின் விசுவாசம் விலைக்கு வாங்கப்படுகின்றது என்பது அவர்களின் முறைப்பாடு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரத்தைத் துடைத்துச் சென்ற பின், பல நாடுகளிலிருந்து பல சமயத்தாரும் உதவியோடு வந்தனர். பசித்தவனுக்குச் சோறு கொடுக்கும் கையிலே நிபந்தனை இருக்கலாகாது என்பதை எல்லாச் சமயங்களும் ஒப்புக்கொள்ளும். நிபந்தனையுள்ள உதவியைத் தாமே மறுத்து ஒதுக்குவதும் விசுவாசத்தின் தைரியமே. அவ்வாறே, 2023ஆம் ஆண்டில் கிறிஸ்தவ போதகர் ஒருவர் பிற சமயங்களைப் பற்றிப் பேசிய பேச்சு பெருங் கொந்தளிப்பை உண்டாக்கி, அவருடைய கைது வரை சென்றது. கைது சரியா, தவறா என்பது நீதிமன்றத்துக்குரியது. ஆனால் அயலவன் போற்றுவதை இழித்துரைப்பதற்கும், தான் போற்றுவதை எடுத்துரைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. இழித்துரைக்கத் தைரியம் வேண்டியதில்லை.

தைரியம் என்பது யாது என்பதைச் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் மட்டுமன்றி, பாடசாலையிலும் நாம் கண்டிருக்கின்றோம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. தலைமுறை தலைமுறையாகத் தம் கையால் கட்டியெழுப்பிய பாடசாலைகளை விட்டுக்கொடுக்க மனமில்லாத கத்தோலிக்கப் பெற்றோர், பல இடங்களில் இரவும் பகலும் பாடசாலைக்குள்ளேயே தங்கியிருந்தனர். தாய்மார் வகுப்பறைகளிற் சமைத்தனர். பிள்ளைகள் வாங்குகளின்மீது உறங்கினர். அவர்கள் வன்முறையை நாடவில்லை. இறுதியிற் சட்டமே வென்றது. இன்று கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பற்றிமா கல்லூரியும் அரசாங்கப் பாடசாலைகளே. ஆனால் பழைய பெயர்கள் நிலைத்திருக்கின்றன.

அரசாங்கப் பாடசாலையிற் பணிபுரிபவன் என்ற முறையில், இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் நான் கூற வேண்டும். அரசாங்கப் பாடசாலைக்கு வரும் பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தையே பாடமாகக் கற்கும் உரிமை உடையது. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய ஐந்தும் கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சையில் தனித்தனிப் பாடங்களாக இருந்து வருகின்றன. உலகின் பல நாடுகளில் இத்தகைய ஏற்பாடு இல்லை. சட்டம் ஒன்றைப் பறித்த இடத்தில் மற்றொன்றைக் கொடுத்ததையும் நன்றியோடு எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இனி, நம் நினைவினின்றும் நீங்காத நாளொன்றைப் பற்றிப் பேச வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அர்ச். அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி அர்ச். செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். ஐந்து நாட்களின் பின் நமக்கு அண்மையிலுள்ள சாய்ந்தமருதிலும் வெடியோசை கேட்டது. அங்கேயும் குழந்தைகள் மடிந்தனர்.

அந்நாட்களில் தேவாலயக் கதவுகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தவாறே மக்கள் தொலைக்காட்சியிற் பூசையைக் கண்டனர். மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பிலே முஸ்லிம்களுக்கெதிராகக் கலகம் எழுந்தபோது, பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினால் பழிவாங்கல் வேண்டாம் என்று தம் மக்களை வேண்டிக்கொண்டார். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்குதல் நடத்தியோரின் சடலங்களைப் பள்ளிவாசல்கள் ஏற்கமாட்டா என அறிவித்தது. சில வாரங்களில் ஆலயங்கள் மீண்டும் திறந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மறு ஞாயிறும் அதே வாசற்படியை மிதித்துச் செல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை நினைத்துப்பாருங்கள். அவர்கள் கையில் ஆயுதம் எடுக்கவில்லை. சட்டத்தின் கதவைத் தட்டினர். 2023 சனவரியில் உயர் நீதிமன்றம், முன்னறிவித்தல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறிய முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் எனத் தீர்ப்பளித்து, நட்டஈடும் விதித்தது.

அத்தாக்குதலின் பின் அவசரகால விதியால் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் கொவிட் நோய் வந்தது. அந்நோயால் இறந்தோரின் உடல்கள் அனைத்தும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் விதி பிறந்தது. நல்லடக்கம் செய்வது முஸ்லிம்களுக்கு மார்க்கக் கடமை; கிறிஸ்தவருட் பெரும்பாலோருக்கும் அது மரபுவழி வந்த கடமை. இரு சமயத்தாரும் உயர் நீதிமன்றத்திலே மனுத் தாக்கல் செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி அம்மனுக்கள் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளப்பட்டன. இருபது நாட்களே நிரம்பிய முஸ்லிம் குழந்தையொன்றின் உடல் தகனம் செய்யப்பட்டபோது, பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியிலே பல சமயத்தாரும் வெண்துணிகளைக் கட்டித் தம் துயரத்தைத் தெரிவித்தனர். கிறிஸ்தவ மதகுருமாரும் அப்போராட்டங்களில் நின்றனர். 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டு ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது.

இப்போது, முதலிற் கேட்ட வினாவுக்கு மீள்வோம். கிறிஸ்தவர்களின் வரலாறு நமக்கு எதற்காக? பெயரை மாற்றிப் பார்த்தால் அது நம் வரலாறே என்பதற்காக. வீட்டிற் கூடிச் செபிப்போரைத் தடுத்த அதே சுற்றறிக்கை மறுநாள் தொழுகை மண்டபத்தைத் தடுக்கும். ஒருவரின் போதனைக்கு எதிராக விரிவாக்கப்பட்ட சட்டம் மற்றொருவரின் உடைமீது பாயும். சமயப் பகைமையைத் தூண்டுவதைத் தடைசெய்யும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், 2019இல் உடையில் இருந்த ஒரு சித்திரத்துக்காக முஸ்லிம் பெண்ணொருவரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது. அச்சித்திரம் வெறும் கப்பற் சுக்கானின் உருவம். பாதுகாவலுக்காக இயற்றிய சட்டமும் அச்சத்தின் கையில் அகப்பட்டால் வேறு வேலை செய்யும்.

கிறிஸ்துவுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்காவிலே துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களுட் சிலர் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றனர். அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அவர்களைக் கையளிக்க மறுத்து அடைக்கலம் அளித்த செய்தியை நம் பிள்ளைகள் பாடசாலையிலே கற்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளின் பின் கண்டியின் பௌத்த மன்னன் முஸ்லிம்களுக்கு நிலம் கொடுத்தான். அவன் வழிவந்த மற்றொரு மன்னன் கத்தோலிக்கக் குருவுக்கு நிழல் கொடுத்தான். அடைக்கலம் பெற்றவனின் பேரன் அடைக்கலம் கொடுக்கும் இடத்தில் இருப்பான். கொடுத்தவனின் பேரன் கேட்கும் இடத்தில் இருப்பான். இதுவே வரலாற்றின் நடை.

ஆகவே, மாறும் சட்டங்களுக்கிடையே விசுவாசிக்குரிய தைரியம் நான்கு வகைப்படும் எனலாம். தண்டனை வரினும் தன் மனச்சாட்சியை விற்காதிருத்தல் முதலாவது. பிறருடைய மனச்சாட்சியை விலைக்கு வாங்க மறுத்தல் இரண்டாவது. அநீதியான சட்டத்தை வன்முறையின்றி, சட்டத்தின் வழியிலேயே நின்று எதிர்த்தல் மூன்றாவது. தனக்குப் பாதிப்பில்லாத போதும் அயலவனின் உரிமைக்காகக் குரல் கொடுத்தல் நான்காவது. முதல் மூன்றும் அரியவை. நான்காவது அவற்றினும் அரியது. ஏனெனில், அதற்கு உடனடியான பலன் எதுவும் இல்லை.

நாளை வேறு சட்டங்கள் வரும். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கைத்தொலைபேசியில் எழுதும் சொல்லையும் அளவிடத் தொடங்கிவிட்டது. புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சும் அவ்வப்போது எழுகின்றது. அத்தகைய சட்டமூலம் எதனைக் கண்டாலும், அது நமக்கு என்ன செய்யும் என்று மட்டும் கேளாது, அடுத்த ஊர்த் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் விகாரைக்கும் என்ன செய்யும் என்றும் கேட்போமாக. வர்த்தமானியில் வெளியாகும் சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தின்முன் ஆட்சேபிப்பதற்கு எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. அதற்குரிய காலமோ சில நாட்களே. அந்நாட்களுக்குள் அதனைப் படித்தறிந்து, அயலவரோடு கூடிப் பேசுவதற்கு நாம் பழகிக்கொள்ள வேண்டும்.